பங்கானி முதல் ஜூபா வரை: ஜிகுவா மக்களும் அவர்கள் மொழியும்

ஜிகுவா என்ற பெயரை நான் முதன்முதலில் கண்டது ஒலியியல் பற்றிய வாசிப்பில்தான். மைக்கேல் கென்ஸ்டோவிச், சார்லஸ் கிஸ்ஸெபெர்த் என்னும் இரு மொழியியலாளர்கள் 1980களின் இறுதியிலும் 1990இலும் இம்மொழியின் தொனி, அதாவது சொல்லுக்குள் குரல் உயர்ந்து தாழும் ஒழுங்கு, பற்றி எழுதிய ஆய்வுகளை, ஆப்பிரிக்காவின் நடுவிலும் கிழக்கிலும் தெற்கிலும் பரவிய பாண்டு மொழிகளைக் கற்போர் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். ஜிகுவாவில் சில வினையடிகளுக்கு உயர்தொனி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. உயர்தொனி உடைய அடிகளில் அத்தொனி அடியின் மீதே நிற்பதில்லை. சொல்லின் ஈற்றயல் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. வேண்டிக் கேட்டல் என்னும் பொருளுடைய ‘குலொம்பெஜா’வில் குரல் உயர்வது ‘பெ’யில். ஒருவருக்காகக் கேட்டல் என்று அதை ‘குலொம்பெஜெஜா’ ஆக்கினால் உயர்வு அடுத்த அசைக்குப் போகிறது. ஒருவருக்கொருவர் கேட்டல் என ‘குலொம்பெஜெஜானா’ என்று நீட்டினால் இன்னும் ஓர் அசை தள்ளிப் போகிறது. செய்தலைக் குறிக்கும் ‘குடமான்யா’வையோ எத்தனை ஒட்டுகளால் நீட்டினாலும் குரல் ஏறாது. அடியில் பிறந்த தொனி, ஒட்டு சேரச் சேரச் சொல்லின் கடைக்கோடி நோக்கி நடந்துகொண்டே இருக்கும் இந்த ஒழுங்கை அறிந்தபோது, இதைப் பிழையின்றிப் பேசும் மனிதர்கள் யார், அவர்கள் எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி தான்சானியாவின் ஒரு வறண்ட மாவட்டத்திலிருந்து சோமாலியாவின் ஆற்றங்கரைக்கும், அங்கிருந்து அமெரிக்க நகரங்களுக்கும் என்னை இட்டுச் சென்றது.

தான்சானியாவின் வடகிழக்கில், பங்கானி ஆற்றுக்கும் வாமி ஆற்றுக்கும் நடுவே, இந்துமாக் கடற்கரையை ஒட்டிய சமவெளியிலிருந்து ங்குலு மலைகளை நோக்கி ஏறும் நிலம் உஜிகுவா எனப்படுகிறது. இன்றைய எல்லைகளின்படி தாங்கா மாகாணத்தின் ஹண்டேனி, கிலிண்டி மாவட்டங்கள் அதன் நடுப்பகுதி. பங்கானி, கொரோக்வே மாவட்டங்களிலும் தெற்கே பகமோயோவின் வடபகுதியிலும் ஜிகுவா ஊர்கள் உள்ளன. மலைமேல் வாழும் ஷம்பா மக்களும், கடலோரக் குன்றுகளின் போண்டேய் மக்களும், மேற்கே உள்ள ங்குலு மக்களும் ஜிகுவாக்களின் நெருங்கிய உறவினர். செவுத்தா என்ற ஒரே மூதாதையின் வழிவந்தவர்களாகவே இந்நால்வரும் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். இவர்களுடைய மொழிகளை ஒரு கிளையாக வகுத்த மொழியியலாளர்களும் அந்த மூதாதையின் பெயரையே கிளைக்குச் சூட்டியிருக்கிறார்கள். சுவாஹிலி இக்கிளைக்கு மிக அண்மையில் நிற்கும் மொழி. ஆனால் சுவாஹிலியில் தொனி இல்லை, ஜிகுவாவில் இருக்கிறது.

உஜிகுவா எளிதில் வசப்படும் மண் அன்று. மார்ச்சு முதல் மே வரை பெய்யும் நீண்ட மழையையும் ஆண்டின் இறுதியில் வரும் குறுமழையையும் நம்பியே அங்கு உழவு நடக்கிறது; இரண்டில் ஒன்று பொய்த்தாலும் களஞ்சியம் காலியாகும். சோளமும் பின்னர் மக்காச்சோளமும் அங்கு முக்கிய உணவுப் பயிர்களாக இருந்து வந்துள்ளன. புதர்க்காடு அடர்ந்தால் செட்சி ஈ பெருகும், ஈ பெருகினால் மாடு மடியும். 1840 முதல் 1940 வரையான ஒரு நூற்றாண்டை எடுத்துக்கொண்டு இந்நிலத்தின் வரலாற்றை ஆராய்ந்த ஜேம்ஸ் கிப்ளின் முன்வைக்கும் வாதம் என்னை மிகவும் ஈர்த்தது. குடியேற்ற ஆட்சிக்கு முன்பு ஊர்த்தலைவர்கள் தானியத்தையும் மாடுகளையும் சேர்த்து வைத்து, வறட்சிக் காலத்தில் தம்மைச் சார்ந்தவர்களுக்குக் கொடுத்துக் காத்தார்கள். அந்த ஆதரவை நம்பி மக்கள் ஓரிடத்தில் நிலைத்து நின்று புதரை வெட்டி நிலத்தைத் திருத்தி வைத்ததால் ஈயும் நோயும் எல்லைக்குள் இருந்தன. ஜெர்மானியரும் பின்னர் ஆங்கிலேயரும் வரி கேட்டுத் தலைவர்களின் செல்வத்தைச் சிதைத்தபோது இந்தப் பிணைப்பு அறுந்தது. மழை பொய்ப்பது முன்பும் உண்டு. அது கொத்துக் கொத்தாகச் சாவைக் கொண்டுவரும் பஞ்சமாக மாறியது காக்கும் கைகள் இல்லாமற்போன பிறகுதான். 1890களில் மாட்டுக்கொள்ளை நோயும் வெட்டுக்கிளியும் ஜெர்மானியப் படையெடுப்பும் ஒருசேர வந்த ஆண்டுகளைப் பற்றிப் படிக்கும்போது, இயற்கையின் மீது மட்டும் பழி போட்டு எழுதப்பட்ட பஞ்ச வரலாறுகளை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

கிழக்குத் தான்சானியாவின் சராமோ, லுகுரு, காகுரு, ங்குலு மக்களைப் போலவே ஜிகுவாக்களும் மரபாகத் தாய்வழிச் சமூகத்தினர். குழந்தை தாயின் குலத்தைச் சேர்ந்தது. தாய்மாமனுக்கு மருமக்கள் மீது உரிமையும் பொறுப்பும் இருந்தன. பூப்பெய்திய பெண்ணை வீட்டுக்குள் தனித்திருக்க வைத்து, மூத்த பெண்கள் பாட்டாலும் கூத்தாலும் வாழ்க்கையைக் கற்பிக்கும் சடங்கு இச்சமூகங்கள் அனைத்துக்கும் பொது. அப்போது பெண்ணின் கையில் கொடுக்கப்படும் ‘ம்வானா ஹிட்டி’ என்ற சிறு மரப்பாவை இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. உருளை உடல், கைகால்களின் தடமே இல்லாத எளிமை, தலையில் நடுவகிடு பிளந்தாற்போல எழும் இரு கொண்டைகள். சிற்பம் என்று அதை வியப்பவர்கள் பலர். ஒரு குலத்தின் தொடர்ச்சியைப் பெண்ணின் கையில் ஒப்படைக்கும் செயலின் கருவி அது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால்தான் அதன் முழுப் பொருளும் புலப்படும். இன்று ஜிகுவாக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஒரு பகுதியினர் கிறித்தவர்கள். இஸ்லாமியச் சொத்துரிமையும் அரசுச் சட்டமும் தந்தைவழியை வலுப்படுத்தின. ஆனாலும் தாய்வழி உறவின் பிடி முற்றிலும் விட்டுப்போகவில்லை. அந்தப் பிடி எவ்வளவு உறுதியானது என்பதைக் காண உஜிகுவாவை விட்டு வடக்கே பல நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும்.

1830களில் உஜிகுவாவை ஒரு கொடும் பஞ்சம் தாக்கியது. பட்டினியால் மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் அடகு வைத்து உணவு பெற்றார்கள். அப்போது கடற்கரைக்கு வந்த வணிகர்கள், கடல் தாண்டிய ஓர் ஊரில் வேலையும் உணவும் உண்டு, நல்ல மழை பெய்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித் தங்கள் முன்னோரைப் பாய்மரக் கப்பல்களில் ஏற்றியதாகச் சோமாலியாவில் வாழ்ந்த ஜிகுவாக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கப்பல்கள் போய் நின்றது பராவா போன்ற, தென் சோமாலியாவின் பெனாதிர் கரைத் துறைமுகங்களில். அங்கே அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஷெபெல்லே ஆற்றுப் படுகையில் தானியமும் எள்ளும் பருத்தியும் விளைவித்து ஜான்சிபாருக்கும் அரேபியாவுக்கும் அனுப்பும் வேளாண்மை அப்போது பெருகிக்கொண்டிருந்தது; அதற்குக் கைகள் தேவைப்பட்டன. 1800க்கும் 1890க்கும் இடையில் தென் சோமாலியாவின் ஆற்றுப்படுகைகளுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் 25,000 முதல் 50,000 பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். யாவோ, மகுவா, நியாசா, ங்கிண்டோ என்று பல இனத்தாரும் அவர்களில் இருந்தார்கள். ஜிகுவாக்களுக்கு ஒரு வேறுபாடு உண்டு: அவர்களில் பலர் குடும்பமாகவும் ஊர்க்காரர்களாகவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தவர்கள். தனித்தனியாகப் பிடித்து வரப்பட்டவனுக்குத் தாய்மொழியில் பேச ஆள் கிடைப்பது அரிது. இவர்களுக்கு அந்த ஆள் பக்கத்துக் களத்திலேயே இருந்தார்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவர்களில் ஒரு பெருங்கூட்டம் எஜமானர்களிடமிருந்து தப்பித் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. தாய்நாடு போய்ச் சேர்வதே நோக்கம். அவர்களை வழிநடத்தியவர் வனன்குச்சா என்ற ஒரு பெண். வரவிருப்பதை முன்னுணரும் ஆற்றல் படைத்தவர் என்று மக்கள் அவரை நம்பினார்கள். கீழ் ஜூபா ஆற்றங்கரையின் அடர்ந்த காட்டை அடைந்தபோது நிலம் அதிர்ந்தது; அதையே அடையாளமாகக் கொண்டு, இனி நடக்க வேண்டாம், இந்த மண்ணிலேயே தங்குவோம் என்று அவர் முடிவு செய்தார் என்கிறது மரபு. காடு அவர்களுக்கு அரணாக இருந்தது. செட்சி ஈ மொய்க்கும் அந்தக் காட்டுக்குள் மாடு மேய்க்கும் சோமாலியர் எளிதில் நுழைவதில்லை. ஆற்று வெள்ளம் வடிந்த வண்டலில் மக்காச்சோளம் விளைந்தது. தாய்நாட்டில் அவர்களுடைய மாடுகளைக் கொன்ற அதே ஈ இங்கே அவர்களுடைய விடுதலைக்குக் காவல் நின்றது. வரலாற்றுச் சான்றாக நிலநடுக்கத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஆய்வாளர்கள் வாதிடலாம். அடிமைத்தனத்திலிருந்து தாமாகவே எழுந்து வெளியேறிய ஒரு மக்கள், தங்கள் தொடக்கக் கதையின் தலைமையிடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதே எனக்கு முதன்மையான செய்தி. தாய்வழிச் சமூகத்தின் நினைவு அவ்வாறுதான் பேசும்.

ஜூபாக் கரையின் அந்தப் பகுதி கோஷா என்று பெயர் பெற்றது. தப்பி வந்த பிற இனத்தாரும் அங்கே குடியேறி, இனவாரியாக ஊர்கள் அமைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூபாப் படுகையில் ஏறத்தாழ 35,000 முன்னாள் அடிமைகள் வாழ்ந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. காலப்போக்கில் மற்ற இனத்தார் பெரும்பாலும் சோமாலியையோ அதற்கு உறவான மாய் மொழியையோ ஏற்றுக்கொண்டார்கள். கீழ் ஜூபாவின் ஜிகுவாக்கள் மட்டும் தம் மொழியை விடவில்லை. அம்மொழியையும் அதைப் பேசுவோரையும் சோமாலியர் முஷுங்குலி என்று அழைத்தார்கள். பெண்களின் சடங்குக் கூத்துகள் தாய்வழிக் குலங்களின் பொறுப்பில் தொடர்ந்து நடந்தன என்பதை அங்கே களப்பணி செய்த பிரான்செஸ்கா டெக்லிச் பதிவுசெய்திருக்கிறார். மொழி பிழைத்ததற்கு இந்தக் கூத்துகள் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். சடங்கில் பாடப்படும் பாட்டை வேறு மொழியில் பாட முடியாது. அதைப் பேத்திக்குக் கற்பிக்கப் பாட்டிக்கு அந்த மொழியே வேண்டும்.

உஜிகுவாவிலேயே தங்கிவிட்டவர்களின் 19ஆம் நூற்றாண்டு வேறு விதமாகச் சென்றது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. கடற்கரை வணிகத்தின் வழியாகத் துப்பாக்கிகளைப் பெற்ற ஜிகுவாத் தலைவர்கள், மலைநாட்டு ஷம்பா அரசுக்கும் போண்டேய் ஊர்களுக்கும் பெரும் அச்சுறுத்தலாக ஆனார்கள். பிடிபட்டவர்கள் பங்கானிக்கும் சாதானிக்கும் கொண்டுபோய் விற்கப்பட்டார்கள். தம் உறவினரை வடக்கே அடிமைகளாக இழந்த அதே மக்களில் வலியவர்கள், அண்டை வீட்டாரை விற்றுச் செல்வம் சேர்த்தார்கள். கிசபெங்கோ என்ற ஜிகுவாத் தலைவர் தெற்கே உலுகுரு மலையடிவாரத்துக்குப் படையோடு சென்று மதில் சூழ்ந்த ஒரு நகரை எழுப்பினார். இன்றைய மொரோகோரோ நகரின் தொடக்கம் அதுவே. 1871இல் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி என்ற பயணி அவ்வழியே சென்றபோது அந்நகரைக் கிசபெங்கோவின் மகள் ஆண்டுகொண்டிருந்தார். கடற்கரையில், சாதானியின் தலைவர் ப்வானா ஹேரி ஜிகுவா மக்களின் துணையோடு தம் ஆட்சியை நிலைநிறுத்தி, ஜான்சிபார் சுல்தானின் படையையே ஒருமுறை திருப்பி அனுப்பியவர். 1888இல் ஜெர்மானியருக்கு எதிராகக் கரையோரம் முழுவதும் கிளர்ந்தெழுந்தபோது, அக்கிளர்ச்சியின் தலைவரான பங்கானியின் அபுஷிரி தூக்கிலிடப்பட்ட பிறகும் ப்வானா ஹேரி 1890 வரை தாக்குப்பிடித்தார். சாதானியின் நிலத்தில் பெரும்பகுதி இன்று கடலைத் தொட்டு நிற்கும் தேசியப் பூங்கா.

ஜூபாக் கரையில் இருந்தவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சுமையை ஏற்றியது. 1925இல் பிரிட்டன் ஜூபாலாந்தை இத்தாலியிடம் ஒப்படைத்தது. இத்தாலியத் தோட்டங்களில் வேலை செய்ய ஊர் ஊராக ஆட்கள் வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். சோமாலியா விடுதலை பெற்ற பிறகும் சுருள்முடியைச் சுட்டும் ‘ஜரீர்’ என்ற சொல்லால் அவர்கள் இழித்துரைக்கப்பட்டார்கள். பள்ளியிலும் அரசுப் பணியிலும் இடம் அரிதாகவே கிடைத்தது. 1975இன் நிலச் சட்டம், பட்டா இல்லாத பரம்பரை நிலங்களைச் செல்வாக்குள்ளோர் தம் பெயருக்கு எழுதிக்கொள்ள வழி செய்தது. சோமாலியாவை ஆண்ட படைத்தலைவர் சியாத் பாரேயின் அரசு சோமாலி மொழிக்கு 1972இல் எழுத்து வகுத்து நாட்டை ஒரே மொழி, ஒரே மக்கள் என்று அறிவித்தபோது, அந்த வரையறைக்குள் ஜிகுவா பேசும் உழவனுக்கு இடமில்லை. 1991இல் அரசு விழுந்ததும், குலப் படைகளின் பாதுகாப்பு எதுவும் இல்லாத இவர்கள்தான் முதலில் சூறையாடப்பட்டார்கள். தானியக் குழிகள் தோண்டப்பட்டன, பெண்கள் சிதைக்கப்பட்டார்கள், எதிர்த்தவர்கள் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்கள் கென்யாவின் தடாப் முகாம்களுக்கு நடந்தார்கள். அங்கேயும் முகாமின் விளிம்பில் அஞ்சி அஞ்சியே வாழ்ந்தார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் தெற்கு நோக்கித் தொடர்ந்து, கடல் வழியாகத் தான்சானியாவின் தாங்கா கரையை அடைந்தார்கள். வனன்குச்சாவின் கூட்டம் நடுவழியில் நிறுத்திய பயணம், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அகதிகளாக அவர்களுடைய கொள்ளுப்பேரர்களால் முடித்துவைக்கப்பட்டது. முதலில் ம்குயு முகாமிலும் பின்னர் 2003 முதல் ஹண்டேனி மாவட்டத்தின் சோகோ குடியிருப்பிலும் அவர்கள் தங்க வைக்கப்பட்டார்கள். அங்கே வந்தவர்களும் உள்ளூர் உழவர்களும் பேசிக்கொண்டபோது ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள். இடையில் சோமாலி, மாய், இத்தாலியச் சொற்கள் ஒருபக்கம் கலந்திருந்தன; சுவாஹிலி மறுபக்கம் கலந்திருந்தது; ஆயினும் அடிப்படை ஒன்றாகவே இருந்தது. எழுத்தோ பள்ளியோ அரசோ இல்லாமல், தாயின் வாயிலிருந்து மகளின் காதுக்கு என்ற ஒரே வழியில் ஒரு மொழி இத்தனை தலைமுறைகளைக் கடந்து வந்ததை நினைக்கும்போது எனக்கு அதன்மீது ஆழ்ந்த மரியாதை ஏற்படுகிறது. தான்சானிய அரசு அவர்களுக்கு உழுவதற்கு நிலம் ஒதுக்கியது. பின்னர் அவர்களில் பலருக்குக் குடியுரிமையும் வழங்கியது. அகதிகளை ஆண்டுக்கணக்கில் கம்பி வேலிக்குள் வைத்திருக்கும் உலகில், மூதாதையர் மண் என்ற உரிமையை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது பெரிய செயல். அதற்குக் கிடைத்த கவனம் மிகவும் குறைவு.

தடாப்பில் தங்கியவர்களை ஏற்பதற்கு மொசாம்பிக் முதலில் இசைந்து பின்னர் இயலாதென்று கூறிவிட்டது. 1999இல் அமெரிக்கா ஏறத்தாழ 12,000 பேரை ஏற்க முடிவு செய்தது. 2002இல் அவர்கள் பேருந்துகளில் வடமேற்குக் கென்யாவின் ககுமா முகாமுக்கு மாற்றப்பட்டு, 2003 முதல் அமெரிக்க நகரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் எல்லோரும் ஜிகுவாக்கள் அல்லர். மாய் பேசுவோரே மிகுதி. சான் டியேகோ போன்ற ஊர்களில் முஷுங்குலி பேசுவோருடன் மொழியியலாளர்கள் அமர்ந்து அதன் ஒலியமைப்பைப் பதிவுசெய்து வருகிறார்கள். மேய்ன் மாநிலத்தில் குடியேறிய சோமாலி பாண்டு மக்கள் (ஜிகுவாக்கள் உட்பட இந்த முன்னாள் அடிமைகளின் வழிவந்தோருக்கு இன்று வழங்கும் பொதுப்பெயர்) கூட்டுப் பண்ணை அமைத்து, தங்கள் உணவுக்கு ஏற்ற கடின மக்காச்சோளத்தைப் பயிரிடுகிறார்கள்.

ஹண்டேனியில் இன்றைய நிலை எனக்குக் கவலை தருகிறது. அங்கே ஜிகுவாவை யாரும் இழிவுபடுத்தவில்லை. பேசக் கூடாதென்று தடுக்கவும் இல்லை. ஆனால் 1967 முதல் தொடக்கப் பள்ளிக் கல்வி பெரும்பாலும் சுவாஹிலியில் நடக்கிறது. வானொலியும் செய்தித்தாளும் சுவாஹிலியிலோ ஆங்கிலத்திலோதான். 120க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாட்டை இனப்பகை இன்றி ஒன்றிணைக்க முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியெரெரே எடுத்த முடிவு அது, அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் அது பெருமளவு வெற்றியும் பெற்றது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இனவாரிக் கணக்கெடுப்பும் 1967உடன் நின்றுவிட்டதால், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்ற பழைய மதிப்பீட்டுக்கு அப்பால் ஜிகுவா பேசுவோரின் எண்ணிக்கையை உறுதியாகச் சொல்ல வழியில்லை. சுவாஹிலி வேற்றுக் குடும்பத்து மொழியாக இருந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே எல்லை தெளிவாக இருந்திருக்கும். நெருங்கிய உறவு மொழி என்பதால் சொல் சொல்லாக, தொடர் தொடராகக் கலந்து, எந்த நாளில் ஒருவர் ஜிகுவாவை விட்டுச் சுவாஹிலிக்கு மாறினார் என்று அவருக்கே தெரியாதபடி மாற்றம் நிகழ்கிறது. தொனி இல்லாத மொழியில் படித்து வளரும் பிள்ளை ‘குலொம்பெஜெஜானா’வில் குரலை எங்கே உயர்த்துவது என்பதைப் பள்ளியில் கற்க முடியாது.

நியெரெரேயின் கூட்டுவாழ்வுக் கொள்கையான உஜாமா நடைமுறைக்கு வந்த 1970களில் ஹண்டேனியின் சிதறிய குடியிருப்புகள் பெரிய ஊர்களாகத் திரட்டப்பட்டன; 2022 முதல் ங்கொரோங்கோரோவிலிருந்து மாசாய் குடும்பங்கள் இதே மாவட்டத்தின் ம்சொமேராவில் குடியமர்த்தப்பட்டு வருகிறார்கள். இனங்கள் கலக்கும் இடத்தில் பொதுமொழியான சுவாஹிலி இன்னும் வலுப்பெறும், அது இயல்பு. ஆனால் வால்டர் கிஸ்பி என்ற மறைப்பணியாளர் 1906இல் வெளியிட்ட ஜிகுவா அகராதிக்குப் பிறகு, பொதுமக்கள் கையில் எடுத்துப் புரட்டக்கூடிய ஜிகுவா நூல்கள் மிகச் சிலவே. சுவாஹிலியின் இடத்தைத் தொடாமலேயே ஹண்டேனி, கிலிண்டி மாவட்டங்களின் தொடக்கப் பள்ளிகளில் முதல் இரண்டு ஆண்டுகள் ஜிகுவாவிலும் கற்பிக்கலாம். உள்ளூர் வானொலியில் வாரத்தில் சில மணி நேரம் அம்மொழிக்கு ஒதுக்கலாம். சடங்குப் பாடல்களை முழுமையாக அறிந்த மூதாட்டிகளைச் சோகோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தேடிச் சென்று ஒலிப்பதிவு செய்யலாம். ஜூபாக் கரையில் பாடப்பட்ட வடிவத்தையும் உஜிகுவாவில் பாடப்பட்ட வடிவத்தையும் ஒரே மாவட்டத்தில் அருகருகே கேட்கும் வாய்ப்பு இந்தத் தலைமுறை மூத்தோர் உயிரோடு இருக்கும் வரைதான் உண்டு. அந்தப் பதிவு வேலையைத் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் மொழித் துறைகள் கையில் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.